99 வருஷக் குத்தகையா, நாலில் ஒரு பங்கா? இரண்டு வீட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்

மாடிப்படி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது, மனைவிக்கு 38. பதினாலு வருஷம் வாடகை வீட்டில் ஓட்டிவிட்டோம். இப்போதுதான் 25 வருஷக் கடனுக்கு வங்கி தலையாட்டியிருக்கிறது. பார்த்த வீடுகளில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. இரண்டிலுமே ‘சொந்த வீடு’ என்று வாய் நிறையச் சொல்ல முடியவில்லை.

முதல் வீடு மூன்றாவது மாடி. வெளிச்சம், காற்று, லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. ஆனால் நிலம் வேறொருவருடையது. 99 வருஷக் குத்தகை, அதில் 32 ஓடிவிட்டது, மிச்சம் 67. பத்திரம் 84 பக்கம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 61ஆம் பக்கத்தில் ஒரு வரி: நில வாடகை 15 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். தரகரிடம் கேட்டால், “அது சின்னத் தொகை சார். 99 வருஷம்னா சொந்தம் மாதிரிதான்” என்கிறார்.

இரண்டாவது, ஒரே மனையில் உள்ள நாலு வீட்டில் ஒன்று. பின்பக்கத்துத் தரைத்தளம். நிலம் நாலு பேர் பெயரிலும் இருக்கிறது, ஆளுக்கு நாலில் ஒரு பங்கு, பிரிக்காமல். வீடு எப்படி நம்முடையதாகிறது என்றால், நாலு பேரும் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டை 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் தலை சுற்றிவிட்டது. என் நிலத்தை நானும் சேர்ந்து எனக்கே குத்தகைக்கு விடுகிறேனா? விலை முதல் வீட்டைவிட ஆறில் ஒரு பங்கு அதிகம். பின்பக்கம் கண்ணாடி போட்டு மூடிய ஒரு அறை இருக்கிறது. என் மனைவிக்கு அந்த அறைதான் வீடு, மற்றதெல்லாம் அதற்குப் போகும் வழி. தையல் மெஷினை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்றுகூட முடிவாகிவிட்டது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “நிலம் யார் பேர்ல இருக்கு?” முதல் வீட்டுக்கு ‘வேறொருத்தர்’ என்றேன். இரண்டாவதுக்கு ‘நாலு பேர்’ என்றேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி ‘ம்’ கொட்டினார்.

ஊர், நாடு எதையும் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சட்டத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். அவர் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதற்குத்தான் இங்கே வந்தேன். 67 வருஷம் போதாதா? எனக்கே 108 வயது ஆகிவிடுமே. நாலில் ஒரு பங்கு என்றால் எதில் நாலில் ஒரு பங்கு?

--------

பழையஓலை எழுதியது:

தரகர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தை உண்மை. ‘மாதிரி’.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நம் பேச்சில் ‘லீசுக்கு வீடு’ என்றால் ஒரு தொகையைக் கொடுத்து இரண்டு மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, கிளம்பும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நீங்கள் சொல்வது அது இல்லை. முழு விலை கொடுக்கிறீர்கள், பதிவு செய்கிறீர்கள், விற்கலாம், அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். ஆனால் கையில் வருவது நிலம் இல்லை, இத்தனை வருஷம் அதன்மேல் இருந்துகொள்ளலாம் என்ற உரிமை. வருஷம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது.

‘எனக்கு 108 வயது ஆகிவிடும்’ என்கிறீர்கள். எல்லோரும் அங்கேதான் வழுக்குகிறார்கள். உங்கள் ஆயுள் இங்கே கணக்கே இல்லை. உங்களிடம் வாங்கப்போகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் கணக்குதான் கணக்கு. உங்கள் கடன் முடியும்போது உங்களுக்கு 66 வயது, குத்தகையில் மிச்சம் 42 வருஷம். அப்போது விற்கப் போனால் வாங்க வருகிறவரும் 25, 30 வருஷக் கடனோடுதான் வருவார். கடன் முடியும்போது குத்தகையில் இன்னும் கணிசமான காலம் மிச்சமிருக்க வேண்டும் என்று வங்கிகள் எதிர்பார்க்கும். வங்கி மறுத்தால், கைக்காசோடு வருகிறவர்தான் வாங்குவார். அவர் சொல்வதுதான் விலை.

இன்னொரு தப்புக் கணக்கு, மதிப்பு வருஷத்துக்கு ஒரு பங்காக நேராகக் குறையும் என்று நினைப்பது. சிங்கப்பூர் நில ஆணையம் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது, ‘பாலா அட்டவணை’ என்பார்கள். காலவரையில்லாத நிலத்தின் மதிப்பு 100 என்றால் 99 வருஷக் குத்தகைக்கு 96, 60 வருஷத்துக்கு 80, 30 வருஷத்துக்கு 60. 99இலிருந்து 60க்கு வரும் 39 வருஷத்தில் 16 போகிறது. அடுத்த 30 வருஷத்தில் 20. கடைசி 30இல் மிச்சமிருக்கும் 60ம் போயே போய்விடும். நீங்கள் அந்தச் சரிவு செங்குத்தாகத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏறுகிறீர்கள்.

முடிந்தால் என்ன ஆகும் என்பது கற்பனை இல்லை. சிங்கப்பூரில் கேலாங் லோராங் 3 என்ற தெருவில் 191 தரைவீடுகள், 60 வருஷக் குத்தகை. 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. நிலம் அரசிடம் போனது, இழப்பீடு கிடையாது. அங்கே வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் அடுக்குமாடி வீடுகளும் 99 வருஷக் குத்தகைதான். எல்லாப் பழைய கட்டடத்தையும் அரசு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை என்று 2017இல் அமைச்சரே எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காகக் குத்தகை என்றாலே ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கான்பராவில் எல்லா வீட்டு மனையும் அரசுக் குத்தகை, அதிகபட்சம் 99 வருஷம். அங்கே யாரும் இதற்காகத் தூக்கம் கெட்டுக் கிடப்பதில்லை, புதுப்பிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஹாங்காங்கில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் நிலம் தவிர மற்ற எல்லாமே குத்தகை நிலம். ஆக 99 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், நூறாவது வருஷம் என்ன நடக்கும் என்று பாருங்கள். வக்கீலிடம் முதல் கேள்வி இதுதான்: ‘குத்தகையை நீட்டிக்க எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா, இல்லை நிலக்காரர் மனசு வைக்க வேண்டுமா? நீட்டிக்கும் விலையை எந்தக் கணக்கில் போடுவார்கள்?’

இங்கிலாந்தில் அடுக்குமாடிக்காரர்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் 90 வருஷம் கூடுதலாகக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் மிச்சம் 80 வருஷத்துக்குக் கீழே போய்விட்டால், நீட்டிப்பதால் வீட்டு மதிப்பில் ஏறும் லாபத்தில் பாதியை நிலக்காரருக்குக் கொடுக்க வேண்டும். 81இல் இருப்பவருக்கும் 79இல் இருப்பவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இதை ஒழிக்க 2024இல் சட்டம் நிறைவேறியது, ஆனால் அந்தப் பிரிவு கையோடு நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் வரப்போகிறது என்று யாராவது சொல்லி விற்றால், வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 61ஆம் பக்கம். தொடங்கும்போது நில வாடகை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் வருஷம் 2, 30இல் 4. இப்போது 32, நீங்கள் 4இல் நுழைகிறீர்கள். 45இல் 8, 60இல் 16, 75இல் 32, 90இல் 64. உங்கள் கடன் முடிந்த மூன்றாம் வருஷமே 16. ‘சின்னத் தொகை’ என்றவர் எந்த வருஷத்துத் தொகையைச் சொன்னார் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 10 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பத்திரத்தோடு வாங்கியவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். இப்போது அங்கே 2022 ஜூன் 30 முதல் எழுதும் புதுக் குத்தகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நில வாடகை வருஷத்துக்கு ஒரு மிளகுக்குமேல் கூடாது. விளையாட்டில்லை, சட்டத்தில் மிளகு என்றே இருக்கிறது, அதாவது பெயருக்கு மட்டும், காசு இல்லை. பழைய பத்திரக்காரர்களுக்கு அந்த மிளகு கிடையாது.

--------

மாடிப்படி எழுதியது:

64 மடங்கு! இரண்டு ராத்திரி படித்தவன் ஒரு ராத்திரி பேனா எடுத்துக் கணக்குப் போட்டிருக்கலாம். நன்றி அண்ணா. அப்போ முதல் வீட்டை விட்டுவிட்டு நாலில் ஒரு பங்குக்கே போய்விடலாமா? அங்கே 999 வருஷம் இருக்கிறதே.

--------

கிணற்றடி எழுதியது:

தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். 999ஐப் பார்த்து ஓடி வந்தவள்தான் நானும்.

இந்த மாதிரி ஏற்பாட்டில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். எங்களுடையது மூன்று வீடு, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் கேட்ட ‘எனக்கே குத்தகையா’ என்ற கேள்வியை நானும் கேட்டேன். ஆமாம், அப்படியேதான். நியூசிலாந்தில் இதைக் குறுக்குக் குத்தகை என்று வைத்து நிறைய வீடு கட்டி விற்றிருக்கிறார்கள். மனையை முறையாகப் பிரிக்கச் செலவும் அனுமதியும் அதிகம். அதற்குக் குறுக்கு வழியாக, நிலத்தை எல்லோர் பெயரிலும் வைத்துவிட்டு, கட்டடத்தை மட்டும் ஒருவருக்கொருவர் குத்தகை எழுதிக்கொண்டார்கள். இதில் நிலக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. வாடகை உயர்த்த ஆள் இல்லை, 999 வருஷமும் நம் தலைமுறைக்குள் தீராது. அதுவரைக்கும் நல்லதுதான்.

எதில் நாலில் ஒரு பங்கு என்று கேட்டீர்கள். மொத்த நிலத்தின் ஒவ்வொரு கைப்பிடி மண்ணிலும். உங்கள் படுக்கை அறைக்குக் கீழே இருக்கும் மண்ணில் முக்கால் பங்கு மற்ற மூன்று பேருடையது, அவர்கள் வாசற்படிக்குக் கீழே கால் பங்கு உங்களுடையது. ‘இதுவரை என்னுடையது’ என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. உங்களுக்கு மட்டும் என்று இருப்பது பத்திரத்தோடு இணைத்திருக்கும் வரைபடத்தில் உங்கள் வீடாகக் காட்டியிருக்கும் கட்டடம், அதோடு ‘தனி உபயோகம்’ என்று குறித்த இடம் இருந்தால் அது. அவ்வளவுதான். வேலி போட்டிருக்கிறது, வாழைமரம் வைத்திருக்கிறது என்பதற்காக அது உங்கள் தோட்டம் ஆகிவிடாது. வேலியை யார் வேண்டுமானாலும் போடலாம், வரைபடத்தை அப்படிப் போட முடியாது.

இப்போது என் கதை. பின்சுவரை ஒட்டி ஒரு சாமான் அறை கட்டினேன். நாலடி அகலம், எட்டடி நீளம், மேலே தகரம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று காகிதத்தோடு போனேன். “கட்டிக்கோம்மா, இதுக்கெல்லாமா கடுதாசி?” என்று சிரித்தார். எனக்கும் கூச்சமாகிவிட்டது. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நாலு வருஷம் கழித்து அவர் இறந்துபோனார். மகன் வீட்டை விற்க வந்தார். வாங்க வந்தவருடைய வக்கீல் வரைபடத்தையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் சாமான் அறை பொது நிலத்தில் நிற்கிறது, மனையின் பத்திரமே கோளாறானது என்று எழுதிவிட்டார். கோளாறு என்னுடையது, விற்பனை நின்றது அவர்களுடையது. மகன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சரி, வரைபடத்தைத் திருத்திவிடலாம் என்று நில அளவையாளரைக் கூப்பிட்டேன். மூன்று வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். போதாது, மூன்று வீட்டுக்கும் கடன் கொடுத்த வங்கிகளும் சம்மதிக்க வேண்டும். 14 மாதம் ஆனது. செலவு எல்லாம் என் தலையில். அந்தக் காசில் சாமான் அறையை மூன்று தடவை கட்டியிருக்கலாம்.

அதனால், உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் பிடித்த அந்தக் கண்ணாடி அறை. அதை வரைபடத்தில் பார்த்தீர்களா? அசல் வீட்டோடு சேர்த்துக் கட்டியதா, பிறகு மூடியதா? வரைபடத்தில் இல்லாமல் வீட்டோடு ஒட்டி, கூரை போட்டு, சுற்றி அடைத்த எதுவும் இதில் பிரச்சினைதான். ஒன்று செய்யுங்கள். வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு, ஒரு அளவு நாடாவோடு போய் வெளிச்சுவரைச் சுற்றி அளந்து பாருங்கள். உள்ளே அளக்காதீர்கள், வெளியே. விற்கிறவர் முகத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எனக்கு மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையேதான் எடுப்பேன். குத்தகை மனையில் கடிகாரத்தோடு சண்டை போட வேண்டும், இங்கே ஆட்களோடு. ஆட்களோடாவது பேசிப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன்னால் மற்ற மூன்று கதவையும் தட்டுங்கள். வீட்டை விசாரிக்க வேண்டாம், ‘போன தடவை கூரை ஒழுகினபோது யார் காசு கொடுத்தீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் நல்ல மனை.

--------

கணக்கப்பிள்ளை எழுதியது:

அக்கா சொன்னது சின்ன மனைக்கு. நான் 62 வீடு உள்ள ஒரு கட்டடத்தின் சங்கத்தில் ஆறு வருஷம் பொருளாளராகக் குப்பை கொட்டியவன். பெரிய கட்டடத்திலும் இதே பங்குக் கதைதான், ஆனால் அது எண்களாக வரும்.

மாடி வீடு வாங்கும்போது நிலத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று ஒன்று எழுதுவார்கள், யூடிஎஸ் என்று நம் ஆட்கள் சொல்வது. இன்னொரு முறையில், 1961இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சட்டமாகி அப்புறம் சிங்கப்பூர், மலேசியா என்று பரவிய ஸ்ட்ராட்டா முறையில், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பத்திரமும் பொது இடத்தில் ஒரு பங்கு எண்ணும் வரும். பெயர் எதுவானாலும் அந்த எண்தான் பல இடங்களில் உங்கள் ஓட்டின் எடை, பராமரிப்புச் செலவில் உங்கள் பாகம், கட்டடம் இடிந்தால் நிலத்தில் உங்களுக்குக் கிடைப்பது. சுவர் 40 வருஷத்தில் பழசாகும். அந்த எண் பழசாகாது. சதுர அடியை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற நாம் அதைக் கேட்பதே இல்லை.

எல்லா வீட்டின் பங்கையும் கூட்டினால் நூறு வருகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். கட்டியவர் மொட்டைமாடி மீதோ பின்னால் கட்டப்போகிற தளத்துக்கோ ஒரு பாகத்தைத் தன் பெயரிலேயே வைத்திருப்பது உண்டு.

மாடிப்படி சார், முதல் வீட்டைப் பற்றி. நில வாடகையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். பராமரிப்புக் கட்டணம் அதற்குமேல் தனி. அதைவிட முக்கியம், பெரிய வேலைகளுக்கு ஒதுக்கி வைக்கும் நிதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது. நான் பொருளாளர் ஆனபோது லிஃப்ட்டுக்கு வயது 24. நிதியில் இருந்த பணத்துக்கு லிஃப்ட்டின் கதவு வரும், லிஃப்ட் வராது. மிச்சத்தை 62 வீட்டிலும் ஒரே தடவையில் வசூலித்தோம். வீடு வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பையன், நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றான். அவனுக்கு விற்றவர் கடைசிக் கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்கி ஓட்டுப் போட்டவர்.

கடைசி மூன்று வருஷக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் அதுவே பதில். கிடைத்தால், ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்று திரும்பத் திரும்ப வரும் விஷயத்தைத் தேடுங்கள். எங்கள் குறிப்பில் ‘வடக்குச் சுவர் ஈரம்’ ஐந்து கூட்டத்துக்கு அப்படியே நகர்ந்து வந்தது. ஆறாவது கூட்டத்தில் சுவர் பேசிவிட்டது.

கூட்டு உரிமையில் இன்னொன்று, நீங்கள் விற்க விரும்பாவிட்டாலும் விற்பனை நடக்கலாம். சிங்கப்பூரில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில் 80 சதவீத உரிமை உள்ளவர்கள் சம்மதித்தால் மொத்தக் கட்டடத்தையும் விற்க விண்ணப்பிக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் 75 சதவீதம். லாட்டரி அடித்த மாதிரி சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு, வயதான காலத்தில் பெட்டியைத் தூக்குகிறவர்களும் உண்டு. அக்காவுடைய மாதிரி சின்ன மனையில் நேர் எதிர், ஒருவர் மறுத்தால் எதுவும் நகராது. இரண்டில் எது உங்கள் சுபாவத்துக்கு ஒத்து வரும் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். எனக்கு ஓட்டு எண்ணுவது பிடிக்கும். நாலு பேரில் ஒருவர் முறைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஒரே வாசலில் நடக்க வேண்டுமே, அது என்னால் ஆகாது.

--------

பழையஓலை எழுதியது:

மறுபடி நான்தான். ஒன்று விட்டுப்போயிற்று. நீங்களும் மனைவியும் சேர்ந்து வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் இருவருக்குள்ளும் ஒரு கூட்டு உரிமை வருகிறது. ஆங்கிலேயர் சட்டவழி வந்த நாடுகளில் இது இரண்டு விதம். ஒன்றில் பங்கு என்றே கிடையாது, ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழுவதும் தானாகப் போய்விடும், உயில்கூட அதைத் தடுக்காது. இன்னொன்றில் ஆளுக்கு இத்தனை பங்கு என்று இருக்கும், அவரவர் பங்கு அவரவர் உயில்படியோ வாரிசுப்படியோ போகும். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் ‘டிக்’ போடுகிற வேலைதான், யாரும் விளக்க மாட்டார்கள். உங்கள் மாமனார் முன்பணத்தில் பங்கு கொடுத்திருந்தால் இதைப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

--------

மாடிப்படி எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். மாமனார் கொடுத்திருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா! அந்தப் பேச்சு வீட்டில் நடந்து முடிந்தது, விவரம் வேண்டாம். பங்கு போட்டே எழுதுகிறோம்.

முதல் வீடு: வக்கீலிடம் நீங்கள் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். பத்திரத்தை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு, நீட்டிப்பைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது என்றார். ‘நிலக்காரரின் விருப்பப்படி’. நான் எழுந்துவிட்டேன்.

இரண்டாவது வீட்டுக்குச் சனிக்கிழமை காலை வரைபட நகலும் அளவு நாடாவுமாகப் போனோம். மனைவி நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். முன்சுவர் சரி. பக்கச் சுவர் சரி. பின்பக்கம் வந்ததும் வரைபடத்தில் கோடு நின்றுவிட்டது, வீடு நிற்கவில்லை. இன்னும் ஒன்பதரை அடி போகிறது. கண்ணாடி அறை முழுக்க வரைபடத்துக்கு வெளியே. மனைவி ஒன்றும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டினாள்.

விற்கிறவர் நல்ல மனிதர்தான். “எல்லாருக்கும் தெரியும்ங்க, யாரும் ஒண்ணும் சொன்னதில்லை” என்றார். கிணற்றடி அக்காவின் இடுப்பில் செருகின காகிதம் ஞாபகம் வந்தது. வரைபடத்தைத் திருத்தி, மற்ற மூன்று வீட்டுக் கையெழுத்தோடும் வங்கிகளின் சம்மதத்தோடும் கொடுத்தால் வாங்குகிறேன், செலவு உங்களுடையது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் யோசித்துச் சரி என்றார்.

கதவைத் தட்டும் வேலையையும் செய்தேன். கூரைக் கேள்விக்கு முன்வீடு இரண்டும் ஒரே பதில்: நாலாகப் பிரித்துக் கொடுத்தோம், மூன்று நாளில் பணம் சேர்ந்துவிட்டது. அளவையாளர் திருத்திய வரைபடத்தில் அவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மேல்வீட்டு அம்மா மட்டும், மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். மகள் அடுத்த மாதம்தான் வருகிறாளாம். விற்கிறவர் இப்போது, “ஒரு சின்ன அட்வான்ஸ் மட்டும் கொடுத்துடுங்க, அந்தம்மா போட்டுடுவாங்க” என்கிறார்.

--------

கிணற்றடி எழுதியது:

அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் தம்பி. மகள் வரட்டும். வரும்போது விற்கிறவரோடு நீங்களும் போய் உட்காருங்கள். அந்த மகள்தான் நாளைக்கு உங்கள் மேல்வீட்டுக்காரி.

தையல் மெஷின் கிழக்கே பார்த்தா, வடக்கே பார்த்தா என்று உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.